உரோமர் படையும் பாசறையும்

உரோமப் பேரரசின் வரலாற்றைப் படிப்போர் சீசரையும் அகஸ்டஸையும் டிராஜனையும் நினைவில் நிறுத்துவர்; போர்க்களங்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனத்தில் பதித்துக்கொள்வர். ஆயின் அப்பேரரசு நிலைத்து நின்றதற்குக் காரணம் தனியொரு வேந்தனின் வீரமோ, ஒரு போரின் வெற்றியோ அன்று. மேற்கே அட்லாண்டிக் கடல் முதல் கிழக்கே யூப்ரட்டீஸ் ஆறு வரையிலும், வடக்கே பிரிட்டன் தீவு முதல் தெற்கே சகாராப் பாலை வரையிலும் பரந்து கிடந்த அந்நிலப்பரப்பில் ஐந்து கோடிக்குக் குறையாத மக்கள் வாழ்ந்தனர் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பீடு. அவர்களைக் காக்கவும், வேண்டுமிடத்து அடக்கவும் இருந்த படைஞரோ ஏறத்தாழ 3 இலட்சம் பேரே. தந்தி இல்லை, இருப்புப்பாதை இல்லை, செய்தியைச் சுமந்து செல்லக் குதிரையும் பாய்மரக் கப்பலும் அன்றி வேறு துணை இல்லை. அத்தகைய காலத்தில் இவ்வளவு சிறு படை இவ்வளவு பெரு நிலத்தை நூற்றாண்டுக் கணக்கில் கட்டி ஆண்டது எங்ஙனம்? அப்படை எவ்வாறு வகுக்கப்பட்டிருந்தது, எங்கெங்கே நிறுத்தப்பட்டிருந்தது, அதில் ஊழியம் செய்தோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

உரோம் ஒரு சிறு நகர அரசாக இருந்த நாளில் அதற்கெனத் தனியே நிலைப்படை இல்லை. நிலமுடைய குடிமகனே படைஞன். போர் வந்தால் ஏரை நிறுத்திவிட்டு ஈட்டியை எடுப்பான். போர் முடிந்தால் மீண்டும் உழவுக்குத் திரும்புவான். கவசமும் ஆயுதமும் அவனுடைய சொந்தப் பொறுப்பு. ஆதலின் ஏழைக்கு அப்படையில் இடமில்லை. கி. மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பொலிபியஸ் என்னும் கிரேக்க அறிஞர் இப்படையைப் பற்றி விரிவாக எழுதி வைத்துள்ளார். அவர் உரோமரால் பிணையாளாகக் கொண்டுவரப்பட்டவர். தம் நாட்டை வென்றவர்களின் படையை, தோற்ற நாட்டவர் ஒருவர் இவ்வளவு கூர்ந்து நோக்கி, வெறுப்பின்றி எழுதியது வியப்புக்குரியது. அவர் கணக்கின்படி ஒரு லீஜியனில் 4,200 காலாட்களும் 300 குதிரை வீரர்களும் இருந்தனர். இளையோர் முன்வரிசையிலும், நடுவயதினர் இரண்டாம் வரிசையிலும், பல போர்கள் கண்ட மூத்தோர் மூன்றாம் வரிசையிலும் நிற்பர். முன் இரு வரிசைகளும் தளர்ந்தாலன்றி மூத்தோர் களத்தில் இறங்கார்.

வெற்றிகள் பெருகப் பெருக இம்முறை நிலைகுலைந்தது. ஸ்பெயினிலும் கிழக்கு நாடுகளிலும் ஆண்டுக்கணக்கில் போரிட்ட உழவன் ஊர் திரும்பியபோது நிலம் தரிசாகிக் கிடந்தது, அல்லது கடனில் போய்விட்டிருந்தது. கி. மு. 107-இல் மாரியஸ் என்னும் தலைவன், சொத்து எதுவும் இல்லாதோரையும் படையில் சேர்த்துக்கொண்டான். அவன் ஒருவனே படை முழுவதையும் ஒரே நாளில் மாற்றியமைத்தான் என்று பாடநூல்கள் எழுதுவது வழக்கம். இன்றைய ஆராய்ச்சியாளர் அதனை ஏற்பதில்லை. மாற்றம் பல தலைமுறைகளில் மெல்ல மெல்ல நிகழ்ந்தது என்பர். எவ்வாறாயினும் விளைவு ஒன்றே. நிலமற்ற படைஞன் தன் முதுமைக்கு ஒரு துண்டு நிலம் தருவது யார் என்று நோக்கினான். அரசு தரவில்லை, படைத்தலைவன் தந்தான். எனவே அவன் அரசுக்கு ஆளாக இராது தலைவனுக்கு ஆளானான். கி. மு. 88-இல் சுல்லா தன் படையுடன் உரோம் நகரின்மீதே பாய்ந்ததும், கி. மு. 49-இல் சீசர் ரூபிக்கான் ஆற்றைக் கடந்ததும் இதன் பயனே.

உள்நாட்டுப் போர்களெல்லாம் முடிந்து, கி. மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் வென்று தனித் தலைவனான அகஸ்டஸ், இந்நோயின் மூலத்தை உணர்ந்திருந்தான். அறுபதை ஒட்டியிருந்த லீஜியன்களை 28-ஆகக் குறைத்தான். தன்னிடம் உறுதிமொழி எடுத்த ஐந்து இலட்சம் படைஞருள் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் குடியேற்றங்களிலோ சொந்த ஊர்களிலோ நிலைபெறச் செய்ததாக அவனே தன் கல்வெட்டில் கூறியுள்ளான். எஞ்சியோரைக் கொண்டு நிலைப்படை ஒன்றை நிறுவி, ஊழிய ஆண்டு, ஊதியம், ஓய்வுத்தொகை ஆகிய மூன்றையும் சட்டத்தால் வரையறுத்தான். கி. பி. 5-இல் லீஜியன் படைஞனின் ஊழியம் 20 ஆண்டு என்றும், ஓய்வின்போது 3,000 டெனாரியஸ் வெள்ளிக்காசு என்றும் முடிவாயிற்று. அடுத்த ஆண்டு இதற்கெனத் தனிக் கருவூலம் ஒன்று அமைத்து, தன் சொந்தப் பணத்தைப் போட்டுத் தொடங்கிவைத்தான். அது வற்றாதிருக்க மரபுரிமைச் சொத்தின்மேல் நூற்றுக்கு 5 வீதமும், ஏலவிற்பனையின்மேல் நூற்றுக்கு 1 வீதமும் வரி விதித்தான். உரோமச் செல்வர்கள் மரபுரிமை வரியைக் கேட்டுக் கொதித்தனர். எனினும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. அகஸ்டஸ் செய்த செயல்களுள் இதுவே தலையாயது என்பது என் கருத்து. அவன் வென்ற நாடுகளைவிட இந்த வைப்புநிதியே பேரரசுக்கு அதிக அமைதியைத் தந்தது.

இனிப் படையின் உள்ளமைப்பைக் காண்போம். லீஜியன் என்பது 5,000 பேரைச் சற்றே முன்பின்னாகக் கொண்ட பெரும்பிரிவு. அதில் 10 கோகார்ட்டுகள். ஒவ்வொரு கோகார்ட்டிலும் 6 நூற்றுவர் அணிகள். பெயர்தான் நூற்றுவர் அணி. இருந்தவரோ 80 பேர். பிற்காலத்தில் முதற் கோகார்ட்டு மட்டும் இரட்டிப்பு வலிமையுடையதாக ஆக்கப்பட்டது. தூது செல்லவும் வேவு பார்க்கவும் 120 குதிரை வீரர் உடன் இருந்தனர். இவற்றையெல்லாம் எண்ணிக்கையாகப் படிக்கும்போது சுவை தோன்றாது. ஆனால் அந்த 80 பேர் மேலும் எண்மர் எண்மராகப் பிரிக்கப்பட்டிருந்தனர் என்பதில்தான் உரோமப் படையின் உயிர் இருக்கிறது.

எண்மருக்கு ஒரு தோல் கூடாரம். அதனைச் சுமக்க ஒரு கோவேறு கழுதை. தானியம் அரைக்க ஒரு கைத்திரிகை. உரோமப் படையில் பொதுச் சமையற்கூடம் இல்லை. கோதுமை அளந்து கொடுக்கப்படும். அரைப்பதும் சுடுவதும் எண்மர் பாடு. ஒரே அடுப்பில் உண்டு, ஒரே கூடாரத்தில் உறங்கி, இருபது ஆண்டுகள் ஒன்றாக நடந்தவர்கள் களத்தில் ஒருவரை ஒருவர் விட்டு ஓடமாட்டார்கள் என்பதை உரோமர் அறிந்திருந்தனர். பேரரசைப் பற்றியோ, தலைநகரைப் பற்றியோ அப்படைஞன் எவ்வளவு எண்ணினானோ அறியோம். பக்கத்தில் நிற்பவன் கண்முன் இழிவுபட அவன் விரும்பவில்லை.

லீஜியனின் தலைவன் மேலவை உறுப்பினரிலிருந்து பேரரசனால் அமர்த்தப்பட்டவன். அவன் சில ஆண்டுகளில் மாறிப் போவான். மாறாது நின்று படையை நடத்தியவன் நூற்றுவர் தலைவனே. கையில் திராட்சைக் கொடியின் கழி ஒன்று அவன் பதவிக்கு அடையாளம். அது வெறும் அடையாளமாக மட்டும் இருக்கவில்லை. லூசிலியஸ் என்ற ஒருவனைப் பற்றி டாசிட்டஸ் எழுதியுள்ளார். படைஞன் முதுகில் கழி முறிந்தவுடன் "இன்னொன்று கொண்டு வா" என்று உரக்கக் கேட்பது அவன் வழக்கமாம். அதுவே அவனுக்குப் பட்டப்பெயராயிற்று. கி. பி. 14-இல் அகஸ்டஸ் இறந்த செய்தி கேட்டுப் பன்னோனியப் படை கலகம் செய்தபோது, படைஞர் முதலில் தேடிப் பிடித்துக் கொன்றோருள் அவன் ஒருவன்.

எல்லாரும் லூசிலியஸ் அல்லர். இன்றைய டூனீசியாவில் பெட்ரோனியஸ் ஃபார்ச்சுனாட்டஸ் என்னும் நூற்றுவர் தலைவனின் கல்லறை ஒன்று உள்ளது. அவன் 50 ஆண்டு படையில் இருந்தான். அதில் 46 ஆண்டு நூற்றுவர் தலைவனாக 13 லீஜியன்களில் பணியாற்றினான். பிரிட்டன், ரைன், டான்யூப், சிரியா, அரேபியா என்று பேரரசின் நான்கு மூலைகளும் அவன் ஊழியப் பட்டியலில் அடங்கும். மாற்றல் உத்தரவு வந்ததும் பெட்டி கட்டும் நம் குடும்பங்களுக்கு இப்பட்டியலின் பொருளை நான் விளக்க வேண்டுவதில்லை. அவனுடைய மகனும் நூற்றுவர் தலைவனாகி, 35-ஆம் வயதில் இறந்தான். அந்த நினைவுச்சின்னத்தில் மகன் பெயரும் மனைவி பெயரும் அவன் பெயருடன் பொறிக்கப்பட்டுள்ளன.

உரோமரின் பாசறையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பகைநாட்டில் நடக்கும் படை, ஒரே ஓர் இரவு தங்குவதாயினும், அகழி தோண்டி, மண்மேடு எழுப்பி, அதன்மேல் மரமுளை நட்டு அரண் செய்தே தங்கும். முன்னரே சென்ற நில அளவையாளர் இடம் தேர்ந்து, கொடிகள் நட்டுத் தெருக்களை வகுத்திருப்பர். தலைவன் கூடாரம் இன்ன இடம், குதிரைப்படை இன்ன தெரு, மூன்றாம் கோகார்ட்டு இன்ன வரிசை என்பதெல்லாம் மாறாத திட்டம். ஸ்காட்லாந்து மலையடிவாரத்தில் இருந்தாலும் யூதேயப் பாலையில் இருந்தாலும், படைஞன் வாயிலில் நுழைந்ததும் கேளாமலே தன் கூடாரத்துக்குச் செல்வான். அரசினர் கட்டிய காலனி எதுவாயினும், வடநாட்டில் இருந்தாலும் தென்னாட்டில் இருந்தாலும், குவார்ட்டர்ஸ் அமைப்பைக் கண்டவுடன் சமையலறை எந்தப் பக்கம் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா? அதுபோன்றதே இது. தம் சொந்த ஊருக்குள் நுழைபவர்போல் அவர்கள் பாசறைக்குள் நுழைந்தனர் என்ற கருத்தைப் பொலிபியசும் கூறுகிறார்.

இரவுக் காவல் முறை மிகக் கடுமையானது. அன்றைய மறைச்சொல் எழுதிய மரப்பலகை மாலையில் ஒவ்வோர் அணிக்கும் கைமாறிச் சென்று, இருள் கவிவதற்குள் தலைவனிடம் திரும்பிவிட வேண்டும். ஒன்று குறைந்தாலும் எந்த அணியில் தங்கிற்று என்பது உடனே தெரிந்துவிடும். நள்ளிரவில் சுற்றி வருவோர் விழித்திருக்கும் காவலனிடமிருந்து அவனுடைய அடையாளச் சில்லையை வாங்கிக்கொள்வர். உறங்குபவனிடம் வாங்கமாட்டார்கள், சாட்சிகளை அழைத்துக் காட்டிவிட்டுப் போய்விடுவர். விடிந்ததும் சில்லைக் கணக்கு பார்க்கப்படும். குற்றம் உறுதியானால் தண்டனை மரணம். அதுவும் தன் தோழர்கள் கையால் கல்லும் கழியும் பட்டுச் சாவது. அவன் உறங்கியதால் இடர்ப்பட்டவர் அவர்களே என்பதனால் தண்டிப்பவரும் அவர்களே ஆயினர் போலும்.

அமைதிக் காலத்தில் பாசறைகள் கல்லாலான நிலைக்கோட்டைகளாயின. படைஞன் வாளைப் பிடித்த நாட்களைவிட மண்வெட்டியைப் பிடித்த நாட்கள் மிகுதி. உரோம் நகரில் கி. பி. 113-இல் நிறுவப்பட்ட டிராஜன் தூணில் அப்பேரரசனின் டேசியப் போர்கள் செதுக்கப்பட்டுள்ளன. அதில் படைஞர் மரம் வெட்டுவதும், அரண் கட்டுவதும், பாலம் அமைப்பதும் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவர்கள் தங்கிய பாசறைகளே பின்னர் ஊர்களாயின. பான், ஸ்டிராஸ்பர்க், ரீகன்ஸ்பர்க், வியன்னா, புடாபெஸ்ட், பெல்கிரேடு, யார்க் ஆகிய நகரங்கள் அனைத்தும் உரோமப் படை நின்ற இடங்களில் வளர்ந்தவை. ஸ்பெயினிலுள்ள லியோன் நகரின் பெயரே லீஜியன் என்ற சொல்லின் திரிபு.

ஊதியத்தைப் பற்றி இப்போது கூறலாம். அகஸ்டஸ் காலத்தில் ஆண்டுக்கு 225 டெனாரியஸ். மூன்று தவணைகளாகக் கொடுக்கப்பட்டது. டொமிஷியன் அதனை 300-ஆக உயர்த்தினான். காகிதத்தில் இது நல்ல ஊதியமே. கையில் வந்தது எவ்வளவு? யூதேய நாட்டில் மசாதா மலைக்கோட்டையை உரோமர் முற்றுகையிட்ட காலத்துப் பாப்பிரஸ் ஏடு ஒன்று அங்கேயே கிடைத்துள்ளது. பெய்ரூட்டைச் சேர்ந்த காயஸ் மெசியஸ் என்னும் படைஞனின் ஊதியச் சீட்டு அது. பெற்றது 50 டெனாரியஸ். பிடித்தம்: வாற்கோதுமைக்கு 16, உணவுக்கு 20, காலணிக்கு 5, தோல்வார்களுக்கு 2, மெல்லிய துணிச் சட்டைக்கு 7. கூட்டிப் பார்த்தால் சரியாக 50. பாலைவெயிலில், எட்டுப் பாசறைகள் சூழ நடந்த அம்முற்றுகையில், அத்தவணைக்கு அவனுக்கு எஞ்சியது ஒன்றுமில்லை.

கி. பி. 14-ஆம் ஆண்டுக் கலகத்தில் பெர்சென்னியஸ் என்னும் சாதாரணப் படைஞன் எழுந்து பேசியதும் இதுவே. நாளொன்றுக்குப் பத்துச் செப்புக்காசு என்று உயிருக்கு விலை வைத்து, அதிலேயே உடைக்கும் ஆயுதத்துக்கும் கூடாரத்துக்கும் பிடித்துக்கொள்வதையும், முப்பது நாற்பது ஆண்டு கடந்தும் விடுதலை தராமல் வைத்திருப்பதையும், இறுதியில் நிலம் என்று சதுப்பையும் பாறையையும் காட்டுவதையும் அவன் எடுத்துரைத்தான். இதனை எழுதிய டாசிட்டஸ் உயர்குடியினர். கலகக்காரரிடம் அவருக்குச் சற்றும் பரிவில்லை. அவன் முன்பு நாடகக் கொட்டகையில் கைதட்டும் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்தவன் என்று இகழ்ந்தே அறிமுகம் செய்கிறார். ஆயினும் அவன் முறையீட்டை முழுமையாகப் பதிந்து வைத்தாரே, அதற்காக அவருக்கு நன்றி கூற வேண்டும். பெர்சென்னியஸ் கலகத்தின் முடிவில் கொல்லப்பட்டான்.

படை எங்கெங்கே நிறுத்தப்பட்டது என்பதற்கும் டாசிட்டஸே நமக்குச் சான்று. கி. பி. 23-இல் இருந்த நிலையை அவர் தருகிறார். மொத்தம் 25 லீஜியன்கள். அவற்றுள் ரைன் ஆற்றங்கரையில் மட்டும் 8. சிரியாவில் 4, ஸ்பெயினில் 3, ஆப்பிரிக்காவில் 2, எகிப்தில் 2, டான்யூப் ஆற்றை ஒட்டிப் பன்னோனியாவில் 2, மீசியாவில் 2, அவற்றின் பின்னால் டல்மேஷியாவில் 2. இத்தாலிக்குள் லீஜியன் ஒன்றுகூட இல்லை. தலைநகரில் பேரரசனின் மெய்க்காவற் படையும் நகரக் காவற்படையும், மிசீனம், ரவென்னா துறைகளில் இரு கப்பற்படைகளும் இருந்தன, அவ்வளவே.

இப்பட்டியலில் ஒன்று கவனிக்கத்தக்கது. படை முழுவதும் எல்லையோரத்தில் நிற்கிறது. நடுவில் கையிருப்பு இல்லை. ஓரிடத்தில் இடர் வந்தால் மற்றோர் இடத்திலிருந்து பிரித்து அனுப்புவதே வழி. சேமத்தில் வைத்திருக்கப் பணம் இல்லை என்பதோடு, இத்தாலியின் நடுவே பெரும்படை ஒன்றை வைத்திருந்தால் அதன் தலைவன் அரியணைக்கு ஆசைப்படுவான் என்ற அச்சமும் இதற்குக் காரணமாதல் வேண்டும். இந்த அமைப்பின் ஆபத்து கி. பி. 9-இலேயே வெளிப்பட்டுவிட்டது. வாரஸ் என்னும் ஆளுநன் மூன்று லீஜியன்களுடன் ஜெர்மானியக் காட்டு வழியே சென்றபோது, ஆர்மினியஸ் என்பவன் வளைத்து அழித்தான். இந்த ஆர்மினியஸ் உரோமப் படையிலேயே துணைப்படைத் தலைவனாக இருந்து, உரோமக் குடியுரிமையும் சிறப்பும் பெற்றவன். உரோமர் எவ்வாறு நடப்பர், எங்கே நீண்டு பிளவுபடுவர் என்பதை அவர்களிடமே கற்றவன். மாண்ட 17, 18, 19-ஆம் லீஜியன்களின் எண்கள் அதன்பின் எப்படைக்கும் இடப்படவில்லை. அப்போரில் இறந்த மார்க்கஸ் சீலியஸ் என்னும் நூற்றுவர் தலைவனுக்கு அவன் உடன்பிறந்தான் எழுப்பிய கல், இப்போது பான் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. உடல் கிடைக்காத காரணத்தால், எலும்பு கிடைத்தால் இங்கே இடலாம் என்ற அனுமதியையும் அக்கல்லில் பொறித்துள்ளார்கள்.

லீஜியன் படைஞர் உரோமக் குடிமக்கள். அவர்களுக்கு ஏறத்தாழச் சமமான எண்ணிக்கையில் துணைப்படையினர் இருந்தனர். இவர்கள் வெல்லப்பட்ட நாடுகளின் மக்கள். சிரிய நாட்டு வில்லாளர், ரைன் கழிமுகத்துப் படேவியர், திரேசியக் குதிரை வீரர் என்று அவரவர்க்குரிய போர்த்திறத்தோடு சேர்க்கப்பட்டனர். 500 பேர் கொண்ட பிரிவுகளே மிகுதி. 25 ஆண்டு ஊழியம் முடித்தவனுக்கு உரோமக் குடியுரிமை கிடைக்கும். அதற்குச் சான்றாக ஏழு சாட்சிகள் பெயருடன் கூடிய வெண்கலத் தகட்டுப் பட்டயம் ஒன்று அவன் பெற்றுக்கொள்ளலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட பட்டயங்கள் இதுவரை கிடைத்துள்ளன. தொடக்கத்தில் அவன் பிள்ளைகளுக்கும் அவ்வுரிமை சேர்ந்தே கிடைத்தது. ஊழியத்திலிருக்கும் படைஞன் திருமணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. செப்டிமியஸ் செவீரஸ் காலத்தில் கி. பி. 197-ஐ ஒட்டியே அத்தடை தளர்ந்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, வாழ்க்கை ஒருபுறம் நடந்தது. கோட்டை வாயிலுக்கு வெளியே வணிகரும் பெண்டிரும் பிள்ளைகளும் வாழும் சிற்றூர் ஒவ்வொன்றிலும் வளர்ந்தது.

வட இங்கிலாந்தில் விண்டொலாண்டா என்னும் கோட்டையின் ஈர மண்ணுக்குள்ளிருந்து 1973 முதல் கிடைத்துவரும் மரச் சீவல் ஏடுகள் இவ்வாழ்வை நம் கண்முன் நிறுத்துகின்றன. அஞ்சலட்டை அளவான அச்சீவல்களில் மையால் எழுதியுள்ளனர். டுங்கிரியர் முதற் கோகார்ட்டின் வருகைக் கணக்கு ஒன்று அவற்றுள் உள்ளது. ஏறத்தாழ கி. பி. 90-களில், ஒரு மே 18-ஆம் நாளுக்குரியது. மொத்தம் 752 பேர். அதில் வெளியே சென்றிருப்போர் 456. அவருள் 337 பேர் பக்கத்துக் கோட்டைக்கும், 46 பேர் ஆளுநனின் காவலுக்கும் அனுப்பப்பட்டுள்ளனர். கோட்டையில் எஞ்சியவர் 296. அவருள் நோயாளிகள் 15, காயமுற்றோர் 6, கண்ணோய் உள்ளோர் 10. ஆக, பணிக்குத் தகுதியுடையோர் 265 பேரே. நூல்களில் 'ஒரு கோகார்ட்டு காத்து நின்றது' என்று படிக்கும்போதெல்லாம் இந்த 265-ஐ நினைவில் கொள்வது நன்று.

மாஸ்க்லஸ் என்னும் குதிரைப்படைச் சிறுதலைவன், நாளை எல்லாரும் திரும்புவதா, பாதிப் பேர் மட்டுமா என்று தலைவனிடம் உத்தரவு கேட்டு எழுதுகிறான். தோழர்களுக்குப் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்புக என்றும் சேர்த்துக்கொள்கிறான். வேறொருவனுக்குக் காலுறைகளும் உள்ளாடைகளும் வீட்டிலிருந்து வந்துள்ளன. கிளாடியா செவீரா என்னும் பெண்மணி, ஒன்பதாம் படேவியக் கோகார்ட்டின் தலைவன் செரியாலிசின் மனைவி லெப்பிடினாவைச் செப்டம்பர் 11-ஆம் நாள் தன் பிறந்தநாளுக்கு வருமாறு அழைக்கிறாள். தலைவர்களுக்குத் திருமணத் தடை இல்லையாதலின் குடும்பத்துடன் வாழ்ந்தனர். கடிதத்தை எழுத்தர் எழுத, இறுதியில் சில வரிகளைச் செவீரா தன் கைப்படச் சேர்த்திருக்கிறாள். பெண் ஒருத்தி இலத்தீனில் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளுள் அது ஒன்று. பனியும் மழையும் மாறாத அந்நிலத்தில், தன்னைப்போல் ஒருத்தி அடுத்த கோட்டையில் இருக்கிறாள் என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

அங்கிருந்து கிழக்கே கடலோரத்தில் சவுத் ஷீல்ட்ஸ் என்னும் ஊரில் மற்றொரு கல் உள்ளது. சிரியாவின் பால்மைரா நகரைச் சேர்ந்த பராதீஸ் என்பவன், 30-ஆம் வயதில் இறந்த தன் மனைவி ரெஜினாவுக்கு நாட்டியது. அவள் தென் பிரிட்டனைச் சேர்ந்தவள். அவன் விடுதலை செய்து மணந்தவள். இலத்தீனில் முறைப்படி எழுதிய வரிகளுக்குக் கீழே, தன் தாய்மொழியான பால்மைரீன் எழுத்தில் ஒரே ஒரு வரியில் அவள் பிரிவுக்கு வருந்தியுள்ளான். அவ்வூரில் அதனைப் படிக்கக் கூடியவர் எத்தனை பேர் இருந்திருப்பரோ! அந்த ஒரு வரியின் எழுத்து, மேலுள்ள இலத்தீனைவிடத் திருத்தமாக அமைந்துள்ளது.

நம் நாட்டுக்கும் இப்படைக்கும் தொடர்பு உண்டா என்று அன்பர்கள் வினவலாம். முசிறித் துறையில் இரண்டு உரோமக் கோகார்ட்டுகள் நிறுத்தப்பட்டிருந்தன என்று சில பழைய வரலாற்று நூல்களில் காணலாம். அதற்குச் சான்று எதுவும் இல்லை. பியூட்டிங்கர் நிலப்படத்தில் முசிறியின் அருகே அகஸ்டஸ் கோயில் ஒன்று குறிக்கப்பட்டிருப்பது உண்மை. வணிகர் எழுப்பிய கோயிலுக்குப் படை வேண்டுவதில்லை. முல்லைப்பாட்டு, காட்டை அழித்து முள்வேலி சூழ அமைத்த பாசறையையும், அங்கே அரசனுக்குப் பணிசெய்யும் யவனரையும் கூறுகிறது. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை வாயிலைக் காத்த யவனரைக் கூறுகிறது. இவர்கள் கூலிக்குத் தாமே வந்தவர். உரோமப் பேரரசன் அனுப்பிய படையினர் அல்லர்.

உண்மையான தொடர்பு வேறிடத்தில் உள்ளது. முசிறியிலிருந்து மிளகும் தந்தமும் ஏற்றிய கப்பல்கள் செங்கடல் துறைகளை அடைந்ததும், சரக்கு ஒட்டகங்களில் ஏறிப் பாலை வழியே நைல் ஆற்றுக்குச் செல்லும். அவ்வழி நெடுகக் கிணறுகளைச் சூழ்ந்து சிறு கோட்டைகள் கட்டிக் காவல் நின்றோர் உரோமத் துணைப்படையினரே. செங்கடலின் தென்பகுதியில் ஃபரசான் தீவில் இரண்டாம் டிராஜன் லீஜியனின் பிரிவு ஒன்று இருந்ததைக் கி. பி. 144-ஐ ஒட்டிய கல்வெட்டு காட்டுகிறது. வந்த சரக்கின்மேல் வாங்கிய வரியோ நாலில் ஒரு பங்கு. வியன்னாவில் உள்ள முசிறிப் பாப்பிரஸ் ஏடு இதனைத் தெளிவாக்குகிறது. பேரரசின் செலவுகளுள் மிகப் பெரியது படையின் ஊதியமே ஆதலால், சேரநாட்டு மிளகின் காரம் ரைன் கரைப் பாசறை வரை எட்டியது என்று சொல்வதில் மிகை இல்லை.

இவ்வளவு திறம்பட அமைந்த படையே பேரரசின் நோயாகவும் ஆயிற்று. கி. பி. 69-இல் நீரோவின் மறைவுக்குப்பின், எல்லைப் படைகள் தத்தம் தலைவனைப் பேரரசனாக்கின. ஓராண்டில் நால்வர் அரியணை ஏறினர். கி. பி. 193-இல் மெய்க்காவற் படை பேரரசையே ஏலம் கூறி ஜூலியானஸ் என்பவனுக்கு விற்றது. அவன் அறுபத்தாறு நாட்களே ஆண்டான். அதன்பின் வந்த செவீரஸ் ஊதியத்தை உயர்த்தினான். அவன் மகன் காரகல்லா மேலும் உயர்த்தினான். வெள்ளிக்காசில் செம்பு கூடிற்று. கி. பி. 212-இல் காரகல்லா சுதந்திர மக்கள் அனைவருக்கும் குடியுரிமை வழங்கியபின், 25 ஆண்டு உழைத்துப் பெறும் பட்டயத்தின் மதிப்பும் குன்றியது. மூன்றாம் நூற்றாண்டில் ஐம்பது ஆண்டுகள் படைகள் பேரரசர்களை ஆக்குவதும் அழிப்பதுமாகக் கழிந்தன. டயோக்ளீஷியனும் கான்ஸ்டன்டைனும் படையை இரண்டாக வகுத்தனர். எல்லையில் நிலைத்து நிற்போர் ஒரு பகுதி; பேரரசனுடன் இயங்கும் படை மற்றொரு பகுதி. அகஸ்டஸ் அஞ்சிய கையிருப்பு இவ்வாறு தோன்றிற்று. ஆயினும் கி. பி. 378-இல் ஏட்ரியானோப்பிளில் காத்தியரிடம் பேரரசன் வேலன்சும், உடன் சென்ற படையில் மூன்றில் இரு பங்கினரும் மாண்டனர்.

மேலே கூறிய ஒன்பதாம் படேவியக் கோகார்ட்டு பிரிட்டனிலிருந்து பின்னர் டான்யூப் கரைக்கு மாற்றப்பட்டது. அது நின்ற கோட்டைக்குப் படேவியர் பெயரே நிலைத்து, இன்று ஜெர்மனியில் பாசவ் நகரமாக விளங்குகிறது. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எல்லைக் காவலர்க்கு அரசினர் ஊதியம் அனுப்புவது நின்றுபோய், பிற ஊர்களின் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைந்தபோதும், அவ்வூர்ப் பிரிவு மட்டும் கலையாது இருந்தது. தோழர்களுக்குச் சேர வேண்டிய கடைசி ஊதியத்தை வாங்கி வரச் சிலர் இத்தாலிக்குப் புறப்பட்டனர். அங்கே வாழ்ந்த செவரினஸ் என்னும் துறவியின் வரலாற்றை எழுதிய யூஜிப்பியஸ் இதனைக் குறித்துள்ளார். வழியில் அவர்கள் கொல்லப்பட்டதை ஊரில் எவரும் அறியவில்லை. ஒருநாள் படித்துக்கொண்டிருந்த நூலை மூடிவிட்டுத் துறவி கண்ணீர் வடித்தார். ஆற்றங்கரைக்கு விரைந்து செல்லுங்கள் என்று அருகிருந்தோரை ஏவினார். அந்நேரத்தில், வெள்ளம் அப்படைஞர்களின் உடல்களைக் கரையில் ஒதுக்கியுள்ளது என்ற செய்தி வந்தது.